ஹெட்போனில் நல்ல பேஸ் என்பதை எப்படிக் கண்டுகொள்வது?

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகத் தினமும் கோவைக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிறீர்கள். உங்களிடம் மூன்று கருவிகள் இருக்கின்றன. ஒன்று, காதை முழுவதும் மூடும் புளூடூத் ஹெட்போன். பெட்டியிலேயே ‘பேஸ்’ என்று பெரிதாக அச்சிட்டு விற்றது. இரண்டாவது, காதுக்குள் செருகும் ஒயர் இயர்போன். மூன்றாவது, துபாயிலிருந்து திரும்பிய உங்கள் மாமா கொடுத்த சென்ஹைசர் ஹெச்டி 600. முதலாவதில் பேஸ், அதாவது கனத்த தாழ்ந்த ஒலி, ஏராளம், ஆனால் அரை மணி நேரத்தில் தலை கனத்துவிடுகிறது. இரண்டாவதில் ஒரு நாள் பேஸ் இருக்கிறது, மறுநாள் இல்லை. மூன்றிலும் விலை கூடிய மாமாவின் ஹெட்போனில்தான் பேஸ் மிகக் குறைவாகக் கேட்கிறது. இவற்றில் எதன் பேஸ் உண்மையில் நல்லது, அடுத்து எதை வாங்கலாம் என்பது கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்கிறேன். தரத்தில் மாமா கொடுத்ததுதான் முதலிடம். ஆனால் அது பஸ்ஸுக்கு ஏற்றதல்ல. இயர்போன் காதில் சரியாக அடைத்து உட்கார்ந்தால் உங்கள் பயணத்துக்கு அதுவே போதும். புளூடூத் ஹெட்போனை, தாழ்ந்த ஒலி உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் வைத்துப் பெருமளவு திருத்தலாம். ஆகவே இப்போதைக்குப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். மூன்றைப் பற்றியும் நீங்கள் கவனித்துச் சொன்னது முற்றிலும் சரி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணங்கள் தெரிந்துவிட்டால் எந்தக் கடையில் எந்த ஹெட்போனைக் கொடுத்தாலும் நீங்களே எடைபோட்டுவிடுவீர்கள்.

மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸிலிருந்து, அதாவது நொடிக்கு 20 அதிர்விலிருந்து, 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். இதில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைத்தான் பொதுவாக பேஸ் என்கிறோம். அதிலும் 60க்குக் கீழே உள்ளது சப் பேஸ். அது ஒலியாகக் கேட்பதைவிட அழுத்தமாக உணரப்படுவதே அதிகம். 60 முதல் 250 வரையிலான பகுதியில் மேளத்தின் கனமும், பேஸ் கிட்டாரின் நடையும், ஆண் குரலின் அடித்தளமும் இருக்கின்றன. எண்கள் மனதில் பதிய சில அடையாளங்கள் சொல்கிறேன். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். பியானோவின் இடக்கோடிக் கட்டை 27.5. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகருக்கு மீட்டும் தம்புராவின் மந்தர ஸட்ஜம் சுமார் 65. தெருவோர மின்மாற்றியிலிருந்து வரும் உறுமல் 100 ஹெர்ட்ஸ். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், உள்ளே இருக்கும் இரும்பு ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அதிர்வதால் அது இரட்டிப்பாகிறது.

இந்த எண்களிலிருந்து உடனே ஒன்று தெரிகிறது. கர்நாடகக் கச்சேரியோ, அறுபது எழுபதுகளின் திரைப்பாடலோ கேட்கிறவருக்கு 40 ஹெர்ட்ஸில் என்ன நடக்கிறது என்பது பெரிய விஷயமே இல்லை. அந்த ஒலிப்பதிவுகளில் அங்கே பெரும்பாலும் ஒன்றுமில்லை. இன்றைய திரைப்பாடல்களில் கணினியில் உருவாக்கும் பேஸ் 35, 40 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. அதைக் கேட்கிறவருக்குத்தான் சப் பேஸ் தேவை. ‘எந்த ஹெட்போனில் பேஸ் நன்றாக இருக்கும்’ என்று கேட்கும் இருவர் இரண்டு வேறு கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

இனி தரம். பாலக்காட்டுப் பக்கம் கச்சேரிகளையும் கோயில் மேளங்களையும் ஒலிப்பதிவு செய்வது என் தொழில். அதனால் பேஸின் தரத்தைப் பார்க்க நான் எப்போதும் முதலில் எடுப்பது மிருதங்கத்தின் தொப்பியை, அதாவது இடப்பக்கத் தோலைத்தான். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரின் மண்ணில் இருந்துகொண்டு வேறு எதைத் தேடிப் போவது? தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டி, தோலின் நடுவைக் கனமாக்கி, சுருதியைக் கீழே இறக்கியிருப்பார்கள். வித்வான் அதில் கும்கி கொடுக்கும்போது உள்ளங்கையின் அடிப்பகுதி தோலை அழுத்திக்கொண்டே நகரும். அப்போது ஒலி ஒரே இடத்தில் நிற்காமல் கீழிருந்து மேலே வளைந்து ஏறும். அந்த வளைவு முழுவதும் பேஸ் பகுதியில்தான் நடக்கிறது.

நல்ல ஹெட்போனில் அந்த ஏற்றத்தை நீங்கள் வாயால் பாடிக் காட்ட முடியும். மோசமான ஹெட்போனில் கும்கியும் சாதாரண அடியும் ஒரே ‘தும்’மாகக் கேட்கும். ஏனென்றால் அந்த ஹெட்போன் குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணை மட்டும் தூக்கிவைத்திருக்கிறது. எந்த அடி வந்தாலும் அந்த ஒரே சுருதியைத்தான் முழக்குகிறது. பேஸ் கிட்டாரிலும் இதே சோதனையைச் செய்யலாம். பாட்டுக்கு அடியில் பேஸ் கிட்டார் எந்த ஸ்வரத்திலிருந்து எந்த ஸ்வரத்துக்குப் போகிறது என்று முணுமுணுத்துத் தொடர முடிகிறதா? முடிந்தால் அந்த பேஸ் நல்லது. அளவு குறைவாக இருந்தாலும் நல்லதுதான்.

இரண்டாவது சோதனை, ஒலி எங்கே நிற்கிறது என்பது. எல்லோரும் அடி விழும் கணத்தையே கவனிக்கிறார்கள். அடி முடியும் கணத்தில்தான் தரம் வெளிப்படும். பஞ்சவாத்தியத்தின் நல்ல ஒலிப்பதிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மத்தளமும் திமிலையும் மாறி மாறி வரும் இடத்தில், மத்தளத்தின் கனத்த ஒலி அடங்கிய பிறகு திமிலையின் அடி தனியாக, சுத்தமாக விழவேண்டும். ஒன்றின் வால் இன்னொன்றின் தலைமேல் ஏறினால் அந்த ஹெட்போனின் பேஸ் தளர்ந்திருக்கிறது. தவிலும் இதற்கு மிகவும் உதவும். இடக்கைக் குச்சி தரும் கனத்த அடியும், வலக்கை விரல்களில் மாட்டிய கூடுகள் தரும் கூர்மையான சொற்களும் ஒரே நேரத்தில் வரும். குச்சியடி பெரிதாகக் கேட்டு விரற்சொற்கள் மங்கிப்போனால், பேஸ் தன் எல்லையைத் தாண்டிவந்து மற்றதை விழுங்குகிறது என்று பொருள்.

செண்டை மேளத்தை மட்டும் இந்தச் சோதனைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நெம்மாரா வல்லங்கி வேலா திருவிழாவில் மேளத்தின் எதிரே நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே பாதி பேஸ் நெஞ்சுக்கூட்டில் கேட்கிறது. காற்றின் அழுத்தம் உடம்பு முழுவதையும் தாக்குகிறது. ஹெட்போன் இரண்டு காதுகளுக்குள் மட்டும்தான் காற்றை அசைக்கிறது, நெஞ்சை அசைக்காது. லட்ச ரூபாய் ஹெட்போனானாலும் இதில் விதிவிலக்கு இல்லை. அந்த அனுபவத்தை எதிர்பார்த்து ஹெட்போன் வாங்குகிறவர்கள்தான் மேலும் மேலும் பேஸைக் கூட்டிக்கொண்டே போய்க் காதைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

இப்போது உங்கள் முதல் ஹெட்போனுக்கு வருகிறேன். அதில் தலை கனப்பதற்குக் காரணம் பெரும்பாலும் 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையிலான மேடு. ‘பேஸ்’ என்று விளம்பரப்படுத்தும் பல ஹெட்போன்களில் உண்மையான சப் பேஸை விட இந்தப் பகுதியைத்தான் தூக்கியிருப்பார்கள். கடையில் ஒரு நிமிடம் கேட்கிறவருக்கு இதுதான் உடனே கவர்ச்சியாக இருக்கும். ஆனால் காதுக்கு ஓர் இயல்பு உண்டு. பலமான தாழ்ந்த ஒலி, தனக்கு மேலே இருக்கும் ஒலிகளை மறைத்துவிடும். உயர்ந்த ஒலி தாழ்ந்ததை அவ்வளவு எளிதில் மறைக்காது. ஆகவே அந்த மேடு முதலில் பாடகரின் குரலைத்தான் மூடுகிறது. பாட்டின் சொற்கள் தெளிவாக விழாததால் நீங்கள் ஒலியைக் கூட்டுகிறீர்கள். கூட்டும்போது பேஸும் சேர்ந்தே கூடுகிறது. அரை மணி நேரத்தில் களைப்பு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பேஸ் எவ்வளவு கேட்கிறது என்பது ஒலியளவைப் பொறுத்து மாறும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து காட்டினார்கள். மெல்லக் கேட்கும்போது காது பேஸை மற்ற ஒலிகளைவிட அதிகமாக இழக்கிறது. சத்தம் கூடக் கூட பேஸ் நிரம்பி வருகிறது. ஆகவே இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது ஒன்று சற்றே சத்தமாக இருந்தாலும் அதில்தான் பேஸ் நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஒப்பிடுவதற்கு முன் பாடகரின் குரல் இரண்டிலும் ஒரே அளவில் கேட்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். குரலை அளவுகோலாக வையுங்கள். பேஸை வைத்துச் சமப்படுத்தினால் ஒப்பீடே பொய்யாகிவிடும். இதைச் செய்யாமல் எழுதப்படும் எந்த ஒப்பீட்டையும் நான் பொருட்படுத்துவதில்லை.

மாமாவின் ஹெச்டி 600 உங்களுக்கு ஏமாற்றமாக இருந்ததற்கும் இதில் பாதிக் காரணம் இருக்கிறது. அதன் மின்தடை 300 ஓம். சாதாரண செல்போனால் அதைப் போதுமான சத்தத்துக்குக் கொண்டுபோக முடியாமல் போகலாம். சத்தம் குறைந்தால் பேஸும் குறைந்து கேட்கும். சார்ஜ் துளையில் செருகும் சிறிய ஆம்ப்ளிஃபயர்கள் இப்போது கிடைக்கின்றன. சற்று வலுவான ஒன்றை இடையில் வைத்துக் கேட்டுப்பாருங்கள். மீதிப் பாதி அதன் அமைப்பிலேயே இருக்கிறது. அது திறந்த வகை ஹெட்போன். வெளிப்பக்கம் மூடியில்லை, வலைதான். பின்பக்கத்து ஒலி வெளியே போய்விடுவதால் உள்ளே எதிரொலித்துத் தேங்குவதில்லை. அதனால்தான் குரலும் தந்தி வாத்தியங்களும் அவ்வளவு இயல்பாகக் கேட்கின்றன. ஆனால் திறந்த வகை டைனமிக் ஹெட்போன்களில், அதாவது காந்தத்துக்குள் கம்பிச்சுருள் அசையும் வழக்கமான வகையில், பெரும்பாலானவை ஏறத்தாழ 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே படிப்படியாகச் சரிந்துவிடும். ஹெச்டி 600 வெளிவந்த 1997-லிருந்து இன்றுவரை அதைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் குறை இது. அதிலேயே ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தை இரவில் அமைதியாகக் கேளுங்கள். கும்கியின் வளைவு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பாருங்கள். புதுப் பாட்டுகளின் சப் பேஸ்தான் அதில் வராது.

திறந்த வகையிலும் ஆழமான பேஸ் வேண்டுமானால் பிளானர் மேக்னெடிக் என்ற தொழில்நுட்பம் இருக்கிறது. மெல்லிய தகடு முழுவதிலும் மின்கம்பி பதிந்து, இருபுறமும் அல்லது ஒருபுறம் காந்தங்கள் வரிசையாக இருக்கும். ஹைஃபைமேன், ஆடிஸி போன்ற நிறுவனங்கள் இதில் பெயர் பெற்றவை. காது மெத்தை சரியாகப் பொருந்தினால் இவற்றில் பல, 20, 30 ஹெர்ட்ஸ் வரை சரியாமல் நேராகப் போகும். ஆனால் நேராகப் போகிறது என்பதற்காக பேஸ் தூக்கலாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். முதல் முறை கேட்கிறவர்கள் ‘பேஸ் போதவில்லை’ என்றுதான் சொல்வார்கள். 35 ஹெர்ட்ஸில் ஏதாவது இருக்கும் பாட்டு வரும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது கருவி, அதாவது ஒரு நாள் பேஸ் தந்து மறுநாள் தராத இயர்போன். உங்கள் கேள்வியில் மிக முக்கியமான பகுதி இதுதான். இதில் பேசப்படாமல் போவது காற்றடைப்பு. தாழ்ந்த ஒலிகள் காதுக்குள் உண்டாக வேண்டுமானால் இயர்போனுக்கும் செவிப்பறைக்கும் இடையிலுள்ள சிறு காற்றறை மூடியிருக்க வேண்டும். வாஷர் தேய்ந்த சைக்கிள் பம்பை எவ்வளவு அழுத்தினாலும் டியூபில் காற்று ஏறாததைப் போல, சிறிய இடைவெளி இருந்தாலும், ஒலியை எழுப்பும் பகுதியான டிரைவர் உண்டாக்கும் அழுத்தம் வெளியே கசிந்துவிடும். உயர்ந்த ஒலிகளுக்கு இந்தக் கசிவு பெரிதாகப் படாது. பேஸ்தான் போகும். 50 ஹெர்ட்ஸில் 10 டெசிபல், அதற்கு மேலும்கூடக் குறையலாம். விலையில் பத்து மடங்கு வித்தியாசமுள்ள இரண்டு இயர்போன்களுக்கு இடையே இவ்வளவு பேஸ் வித்தியாசம் அரிது. ஆகவே கருவியை மாற்றுவதற்கு முன் ரப்பர் டிப்பை மாற்றுங்கள்.

பெட்டியில் பெரும்பாலும் மூன்று அளவு டிப்கள் வரும். நடு அளவு ஏற்கெனவே மாட்டியிருக்கும். அதையே எல்லோரும் போட்டுக்கொண்டு போகிறார்கள். ஒருவருடைய இரண்டு காதுத் துளைகளும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இடத்துக்கு நடு அளவும் வலத்துக்குப் பெரிய அளவும் தேவைப்படுவது மிகச் சாதாரணம். மாட்டும்போது மறு கையால் காதுமடலை மேல்நோக்கிப் பின்னால் இழுத்துக்கொண்டு செருகுங்கள். துளை நேராகி டிப் உள்ளே உட்காரும். உட்கார்ந்தபின் உங்கள் சொந்தக் குரல் தலைக்குள் முழங்குவதுபோலக் கேட்டால் அடைப்பு சரி. பிறகு பாட்டைப் போட்டு மெல்ல உள்ளே அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் பேஸ் திடீரென்று கூடினால் டிப் சிறியது. பஞ்சு டிப்கள் விரிந்து இடைவெளியை நன்றாக நிரப்பும்; ஆனால் வியர்வையிலும் அழுக்கிலும் சில மாதங்களில் வீணாகிவிடும்.

காதை மூடும் ஹெட்போன்களுக்கும் இதே கதைதான். மூக்குக் கண்ணாடியின் காம்பு மெத்தையைச் சற்றுத் தூக்கினால் போதும், பேஸ் குறையும். மூடிய வகையில் இது இன்னும் கூடுதலாகத் தெரியும். இடவப்பாதி மழை தொடங்கினால் நம் பக்கம் எல்லாமே ஈரம் குடிக்கும். செயற்கைத் தோல் மெத்தைகள் இரண்டு மூன்று வருடங்களில் செதில் செதிலாக உரிந்துவிடுகின்றன. உரிந்த மெத்தையில் காற்று கசியும். ‘ஹெட்போன் பழசாகி பேஸ் போய்விட்டது’ என்று என்னிடம் கொண்டுவருகிறவர்களுக்கு நான் பெரும்பாலும் மாற்றிக் கொடுப்பது மெத்தையைத்தான். டிரைவர் அவ்வளவு எளிதில் தளராது.

அப்படியானால் எவ்வளவு பேஸ் சரியான அளவு? இதற்கு ஆய்வு ரீதியான பதில் ஒன்று உண்டு. ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி ஆகியோர் 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து பலரை உட்காரவைத்துக் கேட்கச் செய்தார்கள். எந்த ஹெட்போன் என்று தெரியாமல் கேட்டவர்களில் பெரும்பாலோர் விரும்பியது, நல்ல அறையில் வைத்த நல்ல ஸ்பீக்கரைப் போன்ற ஒலியை. அறையின் சுவர்கள் பேஸைச் சற்றுக் கூட்டிக் கொடுக்கும். அதனால் ஹெட்போனிலும் ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே சில டெசிபல் ஏற்றம் இருந்தால்தான் அவர்களுக்கு இயல்பாகப் பட்டது. கவனியுங்கள், ஏற்றம் 100-க்குக் கீழே. உங்கள் புளூடூத் ஹெட்போனைப் போல 200-ல் அல்ல. இதே ஆய்வுகளில் வயது கூடியவர்கள் குறைவான பேஸையும், இளைஞர்களில் பலர் கூடுதலான பேஸையும் விரும்பியதும் தெரிந்தது. உங்களுக்கும் உங்கள் மாமாவுக்கும் ரசனை மாறுபடுவதில் தவறு யார்பக்கமும் இல்லை.

நான் கையாண்டவற்றில் சிலவற்றை இந்த வெளிச்சத்தில் சொல்கிறேன். சோனி எம்டிஆர்-7506, 1991 முதல் ஒலிப்பதிவுக் கூடங்களில் இருப்பது. பேஸ் அளவோடு, இறுக்கமாக இருக்கும், மேல் ஒலிகள் சற்றுக் கூர்மை. ஆடியோ டெக்னிகாவின் ஏடிஹெச்-எம்50எக்ஸ் பேஸைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். ஆனால் அடியின் தொடக்கமும் முடிவும் கெடாது. தவிலுக்கு எனக்குப் பிடித்தது இது. பேயர்டைனமிக் டிடி 770 புரோ மூடிய வகை. சப் பேஸ் மிக ஆழமாக இறங்கும். பல மணி நேரம் அணிந்திருக்க வசதியானது, ஆனால் மேல் ஒலிகள் சிலருக்குக் குத்தும். சோனி டபிள்யூஹெச்-1000எக்ஸ்எம்4 போன்ற இரைச்சல் நீக்கும் ஹெட்போன்கள் வாங்கிய நிலையிலேயே பேஸ் தூக்கலாக வரும்; செயலியில் திருத்தினால் நன்றாக இருக்கும். காஸ் போர்ட்டா புரோ 1984-லிருந்து கிடைக்கும் சிறிய திறந்த ஹெட்போன். அதன் மிட் பேஸ், அதாவது 60 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள பேஸ், சூடாக, இனிமையாக இருக்கும், சப் பேஸ் கிடையாது. பழைய பாட்டுகளுக்கு அதை மனதாரச் சொல்வேன்.

இனி பஸ். டீசல் எஞ்சினின் உறுமல் பெரும்பாலும் தாழ்ந்த ஒலிகளில்தான் இருக்கிறது. அது பாட்டின் பேஸை அப்படியே மூடிவிடும். அதனால்தான் வீட்டில் போதுமானதாக இருந்த இயர்போன் பஸ்ஸில் மெலிந்து கேட்கிறது. மெலிந்ததை ஈடுகட்டத்தான் பலரும் பேஸ் அதிகமுள்ள ஹெட்போனைத் தேடுகிறார்கள். எஞ்சின் ஒலியைக் குறைப்பதே சரியான வழி. இரைச்சல் நீக்கம் மிகச் சிறப்பாக வேலை செய்வது இந்தத் தாழ்ந்த ஒலிகளில்தான் என்பது நமக்கு வாய்த்த நன்மை. அதற்குப் பணம் வேண்டாம் என்றால், நன்றாக அடைத்து உட்காரும் இயர்போனே வெளி இரைச்சலில் கணிசமான பகுதியைத் தடுத்துவிடும். மாமாவின் திறந்த ஹெட்போன் எதையும் தடுக்காது. பக்கத்து இருக்கைக்காரருக்கும் உங்கள் பாட்டு கேட்கும்.

இரைச்சல் நீக்கும் ஹெட்போன் வாங்குவதானால் நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் எப்படி அடிக்கும் என்பது உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஜன்னலோர இருக்கையில் அந்தக் காற்று ஹெட்போனின் வெளி மைக்குகளில் மோதினால், ஹெட்போன் அதையும் ஒலி என்று எண்ணித் திருத்தப் பார்க்கும். காதில் படபடவென்று கனத்த ஓசை வரும். சில ஹெட்போன்களின் செயலியில் காற்றிரைச்சலைக் குறைக்கும் வசதி உண்டு. இல்லையென்றால் உள் இருக்கைதான் நல்லது. சாலையைக் கடக்கும்போது கழற்றிவிடுங்கள்.

ஒலியளவைப் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகிவிடும். பஸ் இரைச்சலோடு போட்டியிட்டுச் சத்தத்தைக் கூட்டுகிறவர்கள் இந்த வரம்பை மிக எளிதில் தாண்டிவிடுகிறார்கள். போன செவித்திறன் திரும்பி வராது தம்பி. இறங்கியபின் காதில் ரீங்காரம் கேட்டால் அன்று நீங்கள் அளவு மீறிவிட்டீர்கள்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 50 மில்லிமீட்டர் டிரைவர் 40-ஐ விட நல்ல பேஸ் தரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை; காதுக்குள் போகும் 10 மில்லிமீட்டர் டிரைவர் 20 ஹெர்ட்ஸ் வரை சரியாமல் ஒலிக்கும், அடைப்பு சரியாக இருந்தால். ‘20–20,000 ஹெர்ட்ஸ்’ என்ற வரியும் எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாதவரை பயனற்றது. புளூடூத்தின் கோடெக், அதாவது ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை, எதுவானாலும் பேஸ் பெரிதாக மாறாது.

உங்கள் புளூடூத் ஹெட்போனை இப்படித் திருத்துங்கள். ஹெட்போனுக்கான செயலியிலோ செல்போனிலோ ஈக்வலைசரைத் திறங்கள். முதலில் 125, 250 ஹெர்ட்ஸ் பட்டைகளை 3 டெசிபல் இறக்குங்கள். பெரும்பாலான சமயம் இதுவே போதும். குரல் முன்னால் வந்துவிடும். அதன்பின்னும் ஆழம் வேண்டுமென்றால் 60-க்குக் கீழ் உள்ள பட்டையை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் ஏற்றுங்கள். எவ்வளவு ஏற்றினீர்களோ அவ்வளவு மொத்த ஒலியளவைக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பலமான அடிகளில் ஒலி உடையும். மாமாவின் ஹெட்போனிலும் சப் பேஸைச் சற்று ஏற்றிப் பார்க்கலாம், ஆனால் 4 டெசிபலுக்கு மேல் போகாதீர்கள். திறந்த வகை டிரைவரை அங்கே வற்புறுத்தினால் அது சுத்தமான தாழ்ந்த ஒலிக்குப் பதிலாக அதன் மடங்குகளை, அதாவது 40 ஹெர்ட்ஸுக்கு 80, 120 என்பதுபோன்ற ஒலிகளைத்தான் கூட்டித் தரும்.

அந்த மடங்குகளைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒலி எழுப்பும் இலவசச் செயலியில் 100 ஹெர்ட்ஸில் தொடங்கி, மிதமான சத்தத்தில், மெல்லக் கீழே இறக்குங்கள். 80, 60, 50, 40, 30. ஒலி படிப்படியாக ஆழமாகிக்கொண்டே போய், கடைசியில் அழுத்தமாக மட்டும் மிஞ்சவேண்டும். இடையில் ஏதாவது ஓரிடத்தில் திடீரென்று வீங்கினால் அங்கே மேடு இருக்கிறது. 40-க்குக் கீழே இறக்கும்போது சுருதி இறங்காமல் மேலே ஏறியதுபோலத் தோன்றினால், நீங்கள் கேட்பது 40 அல்ல, அதன் இரண்டாம் மூன்றாம் மடங்கு, டிரைவர் திணறுகிறது. கரகரப்பு ஒரு காதில் மட்டும் வந்தால் அந்தப் பக்கம் முடியோ தூசியோ டிரைவரில் ஒட்டியிருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் மறைந்தால் முதலில் அந்தப் பக்கத்து அடைப்பைப் பாருங்கள்.

இதையெல்லாம் செய்தபின்னும் புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்று தோன்றினால், பயணத்துக்கு ஒற்றை டைனமிக் டிரைவர் உள்ள ஒயர் இயர்போன் ஒன்றை எடுங்கள். இரண்டாயிரம் ரூபாய்க்குள் இன்று மிக நல்லவை கிடைக்கின்றன. மூன்று அளவு டிப்களும் பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடைக்குப் போகும்போது உங்களுக்கு நன்றாகத் தெரிந்த மிருதங்கத் தனி ஒன்றையும், அடிக்கடி கேட்கும் புதுப் பாட்டு ஒன்றையும் செல்போனில் தரவிறக்கி எடுத்துப் போங்கள். கடைக்காரர் போட்டுக்காட்டும் பாட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்தப் பாட்டு எதில் போட்டாலும் நன்றாகக் கேட்கும் என்று தெரிந்துதான் அவர் வைத்திருப்பார்.